சலங்கு என்று அடித்தால் சலங்கை வருகிறது

சென்னை ராயபுரத்தில் கல்மண்டபம் பக்கத்தில் 18 வருஷமாக டிடிபி, ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, ஆடி வந்தால் கூழ் வார்க்கிற பேனர். எங்கள் தொழிலில் படம் தேடுவதென்றால் கூகுளில் பெயரை அடிப்போம், இருப்பதிலேயே பெரிதாக ஒன்றை இறக்குவோம், மங்கலாக இருந்தால் ஃபோட்டோஷாப்பில் தேற்றிவிடுவோம். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. நைனா கேட்டார்.

காசிமேட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் அவரை எல்லாரும் நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அப்படியே. வயது 75. அவர்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு வெள்ளையடித்து, புது ஃபேன் மாட்டி, ஒரு பக்கச் சுவரைக் காலியாக விட்டிருந்தார்கள். அந்தச் சுவருக்கு ஒரு படம் வேண்டும். சாமி படமும் வேண்டாம், தலைவர் படமும் வேண்டாம்.

"சலங்கு படம் ஒண்ணு வேணும் தம்பி. எங்க தாத்தா தள்ளுனது. ஆணியே இல்லாம கயித்தால தெச்ச படவு. இப்பத்தி பசங்களுக்கு ஃபைபர் போட்டைத் தவிர ஒண்ணும் தெரியாது."

ஆறடிக்கு நாலடி, வினைல் அடித்து சன்போர்டில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். "ரெண்டு நாள்ல தரேன் நைனா" என்று முன்பணம் வாங்கிப் போட்டுக்கொண்டேன். இரண்டு மாதம் ஆயிற்று.

அன்றைக்கே கூகுளில் சலங்கு என்று தமிழில் அடித்தேன். 'சலங்கை' என்று தேடுகிறீர்களா என்று கேட்டது. பரதநாட்டியக் கால்களாக வந்து விழுந்தன. ஆங்கிலத்தில் பழைய மெட்ராஸ் படகு என்று போட்டதற்கு மெரினா, மகாபலிபுரம், கேரளத்துப் படகு வீடு. இதற்குள் மூன்று கண்ணீர் அஞ்சலி ஆர்டர் வந்துவிட்டதால் இதை அப்படியே மூடி வைத்தேன்.

வழி காட்டியது என் அக்கா மகள். கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். "கூகுள்ல தேடாதே மாமா. மியூசியம் சைட்டுக்குள்ள போய், அங்க இருக்கிற தேடல் பெட்டியில தேடு" என்றாள். பெரிய அருங்காட்சியகங்கள் தங்களிடம் இருக்கும் பொருள்களுக்கு ஒவ்வொன்றாக விவர அட்டை எழுதி, அதை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் மட்டும் 12 லட்சத்துக்கு மேல் பதிவுகள். பிரிட்டிஷ் மியூசியத்தில் 40 லட்சம் பொருள்களுக்கு மேல். கிரீனிச்சில் கடல் சம்பந்தப்பட்ட பொருள்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த அட்டைகளில் பலவற்றை கூகுள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை; பார்த்தாலும் இருபதாவது பக்கத்தில் போடும்.

இரவு பத்து மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். சலங்கு, தமிழில்: பூஜ்யம். ஆங்கில எழுத்தில்: அதுவும் பூஜ்யம். ராயபுரம் என்று போட்டேன். ரயில் நிலையம் ஞாபகம் வந்தவர் யாரோ ஒருவர் இரண்டு அட்டை எழுதியிருந்தார். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதானே கிளம்பியது. படகு இல்லை. மெட்ராஸ், படகு என்று இரண்டையும் சேர்த்துப் போட்டதில் வேண்டாததெல்லாம் நூற்றுக்கணக்கில் வந்தது. குழம்புக்கிண்ணத்தை ஆங்கிலத்தில் 'சாஸ் போட்' என்பார்களாம். வெள்ளிக் கிண்ணங்கள் வரிசையாக வந்து நின்றன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் செய்த தப்பு என்னவென்று புரிய ஒரு வாரம் பிடித்தது. நைனா சொன்ன சொல்லை வைத்துத் தேடினேன். அட்டையை எழுதியது நைனா இல்லையே. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்து, அந்தப் படகில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறிய வெள்ளைக்காரர் அதற்கு என்ன பெயர் வைத்தாரோ, அதை அப்படியே அட்டையில் ஏற்றியிருக்கிறார்கள்.

அவர்கள் வைத்த பெயர் மசூலா. சரி, பெயர் கிடைத்துவிட்டது என்று அடித்தால் அங்கேயும் ஒரு சிக்கல். காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒரு எஸ், இன்னொருவருக்கு இரண்டு எஸ். முதலெழுத்துக்கு அடுத்து ஏ போட்டவர் உண்டு, யூ போட்டவர் உண்டு. நடுவில் யூ, அல்லது ஓ-ஓ. கடைசியில் ஹெச் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கூட்டிக் கழித்தால் ஏழெட்டு மசூலா. தேடல் பெட்டிக்கு இவையெல்லாம் வேறு வேறு சொற்கள். சில தளங்களில் மாறும் எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போட்டால் அதுவே நிரப்பித் தேடும். சில தளங்கள் அந்தக் குறியைக் கண்டுகொள்வதே இல்லை. அதனால் நான் ஒரு பழைய டைரியில் எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்து டிக் போட்டேன். அலுப்பான வேலைதான், ஆனால் கல்யாணப் பத்திரிகைக்கு புரூஃப் பார்ப்பவனுக்கு இதெல்லாம் பழக்கம்.

ஊர்ப் பெயர்களுக்கும் இதே கதி. தஞ்சாவூர் டாஞ்சூர், திருச்சி டிரிச்சினாபொலி என்பது எல்லாருக்கும் தெரியும். நம் ஜார்ஜ் டவுனை அந்தப் பெயரில் தேடினால் பாதிதான் கிடைக்கும். 1911 வரைக்கும் அதன் பெயர் பிளாக் டவுன். அதற்கு முந்தைய படமெல்லாம் அந்தப் பெயரில்தான் தூங்குகிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையைத் தேடினால் செயின்ட் என்பதை முழுதாக எழுதியும் பார்க்க வேண்டும், எஸ்-டி என்று சுருக்கியும் பார்க்க வேண்டும். வண்ணாரப்பேட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மசூலாவில் பத்துப் பதினைந்து பதிவுகள் தேறின. அவ்வளவுதானா என்று யோசித்துக்கொண்டே, கிடைத்த ஒரு நல்ல பதிவைக் கீழே வரைக்கும் இழுத்துப் படித்தேன். அதுவரை படத்தையும் தலைப்பையும் பார்த்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தேன். கீழே விவரம், படத்தின் அடியில் பொறித்திருந்த எழுத்து, பொருள் வகை, குறிச்சொற்கள் என்று நிறைய இருந்தது. அந்தக் குறிச்சொற்களில் ஒன்று 'சர்ஃப்'. கரையில் உடைகிற அலை.

பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வர அந்த அலையைத் தாண்டியாக வேண்டும். ஆணியடித்த விறைப்பான படகு அந்த அடியில் பிளந்துவிடும். நார்க்கயிற்றால் தைத்த பலகை வளைந்து கொடுக்கும். வந்தவனுக்குப் படகின் பெயர் எதற்கு? அவன் ஊருக்கு எழுதிய கடிதமெல்லாம் அலையைப் பற்றித்தான் இருந்திருக்கும். படத்துக்கும் அந்தத் தலைப்பைத்தான் வைத்தான். மெட்ராஸ், சர்ஃப் என்று இரண்டு சொல் போட்டதும் நான் அதுவரை பார்க்காத படங்கள் திறந்தன. 'லேண்டிங்', 'எம்பார்க்கிங்' என்ற சொற்களும் அதே மாதிரி வேலை செய்தன. ஜே. பி. ஈஸ்ட் என்பவர் வரைந்து அச்சான ஒரு ஜோடிப் படம் இருக்கிறது: 'மெட்ராஸ் லேண்டிங்', 'மெட்ராஸ் எம்பார்க்கிங்'. படம் முழுக்க நம் ஆட்களும் நம் படகும். தலைப்பில் படகு என்ற சொல்லே இல்லை.

அதற்குப் பிறகு எந்தப் பொருளைத் தேடினாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இதை வரைந்தவனுக்கோ வாங்கிப் போனவனுக்கோ இதில் என்ன முக்கியமாகப் பட்டிருக்கும்?

அடுத்து வடிகட்டி. தளத்தின் ஓரத்தில் இடம், காலம், பொருள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். நான் மகா புத்திசாலித்தனமாக இடம் என்பதில் சென்னையைத் தேர்ந்தெடுத்தேன். ஏற்கெனவே பார்த்த படங்களே காணாமல் போயின. மூன்று இரவு இப்படிப் போனது. அந்த இடம் பெரும்பாலும் பொருள் தயாரான இடம். படத்தில் காண்கிற இடம் வேறு ஒரு கட்டத்தில் இருக்கும், அல்லது விவரத்துக்குள் புதைந்திருக்கும். தாமஸ் டேனியல் என்ற ஓவியர் 1790களில் மெட்ராஸுக்கு வந்து கோட்டையைக் கடல் பக்கத்திலிருந்து வரைந்தார். அச்சானது லண்டனில். அட்டையைப் பொறுத்தவரை அது லண்டன் பொருள். சென்னை என்று வடிகட்டினால் சென்னைப் படம் போய்விடும்!

பொருளை என்ன மூலப்பொருளால் செய்தார்கள் என்ற கட்டத்திலும் இப்படி ஒரு கண்ணி இருக்கிறது. ஆந்திரத்து அமராவதிச் சிற்பங்களுக்கு 'எலியட் மார்பிள்ஸ்' என்றே பழைய பெயர். 1845இல் வால்டர் எலியட் என்ற கம்பெனி அதிகாரி தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். 1859இல் ஒரு பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது, மிச்சம் நம் எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. பெயரில் மார்பிள் இருக்கிறதே என்று பளிங்கு என்ற கட்டத்தை டிக் செய்தால் அந்தச் சிற்பங்கள் வராது, ஏனென்றால் அந்தக் கல் சுண்ணாம்புக்கல். அதனால் இப்போதெல்லாம் முதல் தேடலில் எந்த வடிகட்டியையும் தொடுவதில்லை. ஆயிரம் பதிவு வந்தால்தான் ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

படம் உள்ளவை மட்டும் என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் திரை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பல பதிவுகளுக்கு இன்னும் புகைப்படமே எடுக்கவில்லை. ஓர் அருங்காட்சியகத்தில் தைத்த படகின் சின்ன மாதிரி ஒன்று இருப்பதாக அட்டை மட்டும் இருக்கிறது. நீளம், அகலம், எந்த வருஷம் வந்தது எல்லாம் உண்டு, படம் இல்லை. டிக்கைப் போட்டிருந்தால் அது இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

கட்டுமரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சொல்லைத்தான் உலகமே எடுத்துக்கொண்டது என்று பெருமைப்படுகிறோம். தேடுகிறவனுக்கு அந்தப் பெருமையால் தலைவலி. 'காட்டமரான்' என்று அடித்தால் இரண்டு உடல் வைத்த பந்தயப் படகுகள்தான் அணிவகுக்கும். 1804இல் நெப்போலியனின் கப்பல்களைத் தகர்க்க இங்கிலாந்துக்காரர்கள் பிரான்ஸின் பூலோன் துறைமுகத்துக்கு அனுப்பிய வெடிமிதவைக்கும் அதே பெயர்தான். காலத்தை 1900க்கு முன் என்று கட்டிப் போட்டு, மெட்ராஸ் என்று ஒரு சொல் சேர்த்தால்தான் நம் மரம் தட்டுப்படும். அந்தப் படங்களில் கட்டுமரக்காரர்கள் தலையில் கூம்பு மாதிரி ஓலைத் தொப்பி வைத்திருப்பார்கள். கப்பலுக்குப் போகும் கடிதம் நனையாமல் அதற்குள் போகும். தொப்பி என்று சொன்னதும் நைனாவுக்கு அது தெரிந்தே இருந்தது. "அதான் அந்தக் காலத்து வாட்சப்பு" என்றார்.

என் அக்கா மகள் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு ரொம்பப் பிடித்தது எண் வித்தை. ஒவ்வொரு பொருளுக்கும் அருங்காட்சியகம் ஒரு பதிவு எண் கொடுக்கும். பிரிட்டிஷ் மியூசியத்தில் அமராவதிக் கற்களுக்கு 1880,0709 என்று தொடங்கி, ஒரு புள்ளி, அப்புறம் வரிசை எண். 1880ஆம் வருஷம் 7ஆம் மாதம் 9ஆம் தேதிக் கணக்கில் ஏறிய தொகுதி என்று அர்த்தம். ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பெட்டி வந்தால், பெட்டியில் இருந்ததெல்லாம் அடுத்தடுத்த எண்ணில் ஏறும். ஆக, ஒரு நல்ல படம் கிடைத்தால் அதன் கடைசி எண்ணை ஒன்று கூட்டியும் ஒன்று குறைத்தும் தேட வேண்டும். தலைப்பே இல்லாத, சொல்லால் தேடிப் பிடிக்கவே முடியாத படமெல்லாம் இப்படிப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருக்கும். மீனவர், மீன் விற்கும் பெண், படகோட்டி என்று மைக்கா (காக்காப்பொன்) தகட்டில் வரைந்த சின்னச் சின்ன ஓவியங்களை நான் அப்படித்தான் பிடித்தேன். மைக்கா என்ற சொல்லையே தேடுசொல்லாகவும் போடலாம், நம் ஊர்த் தொழில்களையும் சாதிகளையும் வரைந்த படங்கள் கொத்தாக வரும்.

விக்டோரியா ஆல்பர்ட்டில் ஐ-எஸ் என்று எண்ணில் இருந்தால் இந்தியப் பிரிவு. திப்புவின் அந்தப் புலிப் பொம்மையின் எண்ணிலும் ஐ-எஸ் உண்டு.

எண்ணை எழுதி வைக்காமல் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். முதல் பத்து நாளில் நாற்பது படம் இறக்கினேன். எல்லாம் 'டவுன்லோடு 17', 'டவுன்லோடு 18' என்று டெஸ்க்டாப்பில் கிடந்தன. நைனா வந்து, "இத்த இன்னும் கொஞ்சம் பெர்சா காட்டு" என்று ஒன்றைத் தொட்டார். எந்தத் தளம், என்ன பெயர், ஒன்றும் நினைவில்லை. அரை நாள் தேடித்தான் மறுபடி பிடித்தேன். லிங்க்கைச் சேமித்தால் போதாதா என்று கேட்கலாம். தளத்தைப் புதுப்பிக்கும்போது லிங்க் செத்துப்போகும். ஒரு பெரிய நூலகத்தின் தளமே இணையத் தாக்குதலில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. எண் இருந்தால் பிற்பாடு எந்த வழியாகவும் போய்ச் சேரலாம், கடிதத்தில் எழுதிக்கூடக் கேட்கலாம். இப்போது படத்தின் கோப்புப் பெயரே பதிவு எண்தான்.

மொழியை மாற்றிப் பார்ப்பதும் பலன் தரும். பழவேற்காட்டில் 1613 முதல் டச்சுக்காரர் கோட்டை இருந்தது. நம் கரையில் நெய்து சாயமிட்டுப் போன பூத்துணி ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. அதை ஆங்கிலப் பெயரான 'சின்ட்ஸ்' என்று தேடுவதோடு 'சிட்ஸ்' என்ற டச்சுச் சொல்லாலும் தேட வேண்டும். இதைச் சும்மா ஆசைக்குத்தான் தேடிப் பார்த்தேன்.

பிரெஞ்சில் கிடைத்தது வேறு சமாசாரம். பாண்டிச்சேரிக்கும் அலைதான் வாசல், அங்கேயும் இதே படகுதான். பிரெஞ்சுக்காரர்கள் அதை என்னவென்று எழுதினார்கள் என்று ஒரு பழைய ஆங்கில - இந்தியச் சொல்லகராதியில் பார்த்தோம். 'ஷெலாங்க்'. எழுத்துக்கூட்டல் சி-ஹெச்-இ-எல்-ஐ-என்-ஜி-யூ-இ. அதன் பக்கத்திலேயே தமிழில் சலங்கு என்று குறித்திருந்தது. நான் பூஜ்யம் வாங்கிய அதே சொல், பாரிஸ்காரன் வாயில் நுழைந்து உருமாறி உட்கார்ந்திருக்கிறது. பாண்டிச்சேரி என்ற பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்துப் பிரெஞ்சு நூலகத் தளத்தில் அடித்தபோது கரையில் படகு நிற்கும் படங்கள் வந்தன. அன்றிரவு நைனாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். பதினொன்றரை மணி. "காலைல சொல்லக் கூடாதா தம்பி, மூணு மணிக்குக் கடலுக்குப் போறவங்க தூங்குற வூடு இது" என்று திட்டிவிட்டு, அப்புறம், "இன்னா பேரு சொன்னே, மறுபடி சொல்லு" என்றார்.

இத்தனைக்கும் பிறகு ஈஸ்ட் வரைந்த படத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டினேன். வண்ணம், அழகு, சுவருக்கு எடுப்பாக இருக்கும் என்பது என் கணக்கு. நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னாபா இது, அலையா மலையா? இவன் பயத்த வரைஞ்சிக்கிறான். தெயலு எங்கே?"

தையல்தான் அவருக்கு வேண்டும். ஓவியத்தில் அது இல்லை. சரி, புகைப்படம் தேடு என்று இன்னொரு சுற்று. இம்முறை தேடுசொல் தயாராக இருந்ததால் நாலு நாளில் கிடைத்தது. எந்த அருங்காட்சியகம் என்பதை விட்டுவிடுகிறேன், காரணம் பிறகு தெரியும். தலைப்பு, 'அலைப்படகுகள், மெட்ராஸ், சுமார் 1880'. எடுத்தவர் பெயர் தெரியாது. மணலில் இரண்டு சலங்கு இழுத்துப் போட்டிருக்கிறார்கள். முன்னால் இருப்பதில் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் நார் வைத்து அடைத்து, அதன் மேல் கயிறு பெருக்கல் குறி போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது. ஒவ்வொரு தையலும் எண்ணலாம்.

எண்ணலாம் என்றால், பெரிய கோப்பு கிடைத்தால். திரையில் தெரிந்தது 800 பிக்சல் அகலம். எங்கள் தொழில் கணக்கு இது: ஆறடி என்றால் 72 அங்குலம், அங்குலத்துக்கு 72 பிக்சலாவது வேண்டுமென்றால் 5,184 பிக்சல் அகலம். தூரத்தில் நின்று பார்க்கிற பேனராக இருந்தால் பாதியிலும் ஓட்டிவிடலாம். கூடத்துச் சுவரில் மூக்கை ஒட்டிப் பார்ப்பார்களே. 800ஐ ஆறடிக்கு இழுத்தால் தையல் எல்லாம் கட்டம் கட்டமாகக் கஞ்சியாகிவிடும். எனவே படத்தைப் பார்த்ததும் அதைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியோ, இறக்கும் பொத்தானோ இருக்கிறதா, என்ன அளவில் தருகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். ஒரே அச்சுப்படத்தின் பிரதி நாலு அருங்காட்சியகத்தில் இருக்கும். ஒன்றில் சின்னதாக இருப்பது இன்னொன்றில் பெரிதாகக் கிடைக்கும். கூகுள் லென்ஸில் படத்தையே கொடுத்துத் தேடினால் அது தெரிந்துவிடும். புகைப்படத்துக்கு அந்த வாய்ப்பு குறைவு.

அடுத்தது உரிமை. இதை நான் 17 வருஷம் யோசித்ததே இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் மூன்றே முக்கால் லட்சம் படங்களை, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், கேட்கவே வேண்டாம் என்று திறந்துவிட்டது. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் 2020இல் 28 லட்சம். ரைக்ஸ் மியூசியத்திலும் பழைய படங்களுக்கு அதே தாராளம். பிரிட்டிஷ் மியூசியம் தன் படங்களை வியாபாரம் இல்லாத காரியத்துக்கு, பெயர் போட்டு, எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இந்த நிபந்தனை தளத்துக்குத் தளம், சில சமயம் படத்துக்குப் படம் மாறும். படத்துக்குக் கீழேயே இரண்டு வரியில் எழுதியிருப்பார்கள். நான் காசு வாங்கி அச்சடிக்கிறவன். சமுதாயக் கூடத்துக்கு என்றாலும் என் கணக்கில் அது வியாபாரமா இல்லையா? குழம்பிக்கொண்டிருக்காமல் மின்னஞ்சல் எழுதினோம். பதிவு எண், என்ன அளவு, எந்தச் சுவர், டிக்கெட் கிடையாது, விற்பனை கிடையாது, அவ்வளவுதான், ஏழு வரி. பன்னிரண்டு நாளில் பெரிய கோப்போடு பதில் வந்தது. கேட்டால் கொடுக்கிறார்கள். எண்ணைப் போட்டுக் கேட்டால் சீக்கிரம் கொடுக்கிறார்கள்.

கோப்பைத் திறந்து நைனாவை உட்கார வைத்தேன். தையலைக் கவனிப்பார் என்று நினைத்தேன். அவர் விரல் படத்தின் பின்பக்கம் போயிற்று. மங்கலாக ஒரு கட்டடம், மேலே உயரமாக ஒரு கோபுரம்.

"இது ஐகோர்ட்டு லைட்டாச்சே."

எனக்குத் தெரியவில்லை.

"இன்னா தெரியலன்றே? மெரினாவுல புது லைட்டவுசு வர வரைக்கும் ராத்திரி கடல்லேர்ந்து இத்தப் பாத்துதான் கரை புடிப்போம். எங்க அப்பா காட்டிக் குடுத்தது. கண்ண மூடினாலும் தெரியும்."

மெரினாவில் கலங்கரை விளக்கம் வந்தது 1977இல். அதுவரை உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில்தான் விளக்கு எரிந்தது. அந்த நீதிமன்றக் கட்டடம் 1892இல் திறந்தது. கோபுரத்தில் விளக்கு ஏற்றியது 1894. அப்படியானால் 1880 என்று அட்டையில் இருப்பது எப்படி? கட்டாத கோபுரத்தை எப்படிப் படம் எடுக்க முடியும்? என் அக்கா மகள் ஃபோனிலேயே துள்ளிக் குதித்தாள். சுமார் என்று அட்டையில் போட்டிருந்தால் அது யாரோ ஒருவரின் யூகம், முன்பின் இருபது வருஷம் தள்ளித் தேடு என்று அவள் முன்னமே சொல்லியிருந்தாள். அதன் அர்த்தம் அன்றுதான் எனக்கு உறைத்தது.

நைனா இன்னும் முடிக்கவில்லை. திரையில் விரலால் கோடு போட்டார். "கடல் இடக்கைப் பக்கம் கீது. லைட்டு எதுத்தாப்புல கீது. அப்போ கேமராக்காரன் தெக்கப் பாத்து நின்னுக்கிறான். நிக்கிறது எங்க? நம்ம பக்கத்துல."

மெட்ராஸ் என்று மட்டும் எழுதியிருந்த அட்டை அது. ராயபுரம் என்று அடித்தால் அது எந்தக் காலத்திலும் கிடைத்திருக்காது.

படம் இப்போது கூடத்தில் இருக்கிறது. அடியில் என்ன எழுதுவது என்று ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தது. நான் மசூலா என்று அடித்துக்கொண்டு போனேன். நைனா முகத்தைச் சுளித்தார். அப்படி ஒரு சொல்லை அவர் வீட்டில் யாரும் சொன்னதில்லை. பிள்ளைகள் நாளைக்கு இணையத்தில் தேடினால் அந்தச் சொல் வேண்டியிருக்குமே என்றேன். கடைசியில் சலங்கு என்று பெரிய எழுத்தில், கீழே மசூலா என்று எட்டுப் புள்ளி சின்னதில், அதன் பக்கத்தில் பதிவு எண்.

தேதி தப்பு என்று அருங்காட்சியகத்துக்கு எழுதி அனுப்பினோம். உயர் நீதிமன்றம் திறந்த வருஷம், விளக்கு ஏற்றிய வருஷம், கோபுரத்தை வட்டமிட்ட படம், எல்லாம் இணைத்து. நன்றி, சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. ஏழு மாதம் ஆகிறது. நைனா வாரம் ஒருமுறை கல்மண்டபத்தில் டீ குடிக்க வந்தால் கடைப் படியில் நின்று கேட்பார்.

"மாத்திட்டானா?"

எண்ணை அடித்துப் பார்ப்பேன். சுமார் 1880.

"இன்னும் இல்ல நைனா."

"எய்தி விடு இன்னொன்னு."